முதல் கட்ட இலக்கு மருந்து ஆய்வில் சேர்வது: மரபணு அறிக்கையிலிருந்து முதல் ஸ்கேன் வரை

நுரையீரல் புற்றுநோய்க்கோ வேறு உறுப்பில் தோன்றிய திடக் கட்டிக்கோ வழக்கமான சிகிச்சைகள் கைகொடுக்காத நிலையில், "புதிய இலக்கு மருந்து ஒன்று முதல் கட்ட ஆய்வில் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். அப்படி விசாரிக்கக் கிளம்பும் நோயாளிக்கும், கோப்பைத் தூக்கிக்கொண்டு கூடவே அலையும் குடும்பத்தாருக்கும் இதை எழுதுகிறேன். ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தபோது, தகுதி இல்லாமல் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தகுதி இருந்தும் காரியங்களை முன்பின்னாகச் செய்து வாய்ப்பை இழந்தவர்களும் இருந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் நீங்கள் சேரக்கூடாது என்பதற்காகவே இந்த வரிசை.

சேரலாமா வேண்டாமா என்ற முடிவு உங்களுக்கும் உங்கள் புற்றுநோய் மருத்துவருக்கும் உரியது. அந்த முடிவை எடுக்கவும், எடுத்த பிறகு தடுமாறாமல் நடக்கவும் தேவையானது மட்டும் இங்கே.

1. ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று பாருங்கள்

முதல் கட்ட ஆய்வின் முதன்மைக் கேள்வி "இந்த மருந்து நோயைக் குணப்படுத்துமா" என்பதல்ல. மனித உடல் இதை எந்த அளவு வரை தாங்கும், அடுத்த கட்டத்துக்கு எந்த அளவை எடுத்துச் செல்லலாம் என்பதே அது. கட்டி சுருங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். ஆனால் அது அடுத்த கேள்விதான்.

பொதுவாக ஆய்வில் இரண்டு பகுதிகள் இருக்கும். முதலில், மருந்தளவை ஏற்றிப் பார்க்கும் பகுதி. பழைய முறைப்படி மூன்று பேருக்கு ஓர் அளவைக் கொடுத்து, முதல் 21 அல்லது 28 நாட்களுக்குள் கடுமையான பக்கவிளைவு வருகிறதா என்று பார்ப்பார்கள். யாருக்கும் வராவிட்டால் அடுத்த மூவருக்கு ஒரு படி மேலே. ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். அந்தப் படியில் இரண்டு பேருக்கு வந்துவிட்டால், அந்த அளவு அதிகம். இப்போது புள்ளியியல் அடிப்படையிலான புதிய முறைகள் பல இருக்கின்றன. ஆனாலும் படிப்படியாக ஏறுவது மாறவில்லை. அளவு ஓரளவு பிடிபட்ட பிறகு, குறிப்பிட்ட மரபணு மாற்றமோ குறிப்பிட்ட வகைப் புற்றுநோயோ உள்ளவர்களைக் கூடுதலாகச் சேர்ப்பது விரிவாக்கப் பகுதி.

நீங்கள் சேரப்போவது எந்தப் பகுதி, எத்தனையாவது படி என்று நேரடியாகக் கேளுங்கள். கீழ்ப்படியில் மருந்து வேலை செய்யப் போதாத அளவாக இருக்கலாம். மேல்படியில் பக்கவிளைவு கூடலாம். "இதற்கு முந்தைய படிகளில் என்ன பார்த்தீர்கள்?" என்பது முற்றிலும் நியாயமான கேள்வி. ஆய்வாளரிடம் அதற்கு விடை இருக்கும்.

அளவு கூடினால் பலனும் கூடும் என்பது புதிதாக வருபவர்கள் எல்லோரிடமும் இருக்கும் எண்ணம். கீமோதெரபி காலத்துப் பழக்கம் அது. இலக்கு மருந்து, புற்றுச் செல்லில் ஒரு குறிப்பிட்ட புரதத்தின் வேலையைத் தடுக்கிறது. அந்தப் புரதம் முழுவதும் தடுக்கப்பட்ட பிறகு அளவை ஏற்றினால் மிஞ்சுவது பக்கவிளைவுதான். நுரையீரல் புற்றுநோய்க்கான ஒசிமெர்டினிப் மருந்தின் முதல் கட்ட ஆய்வில் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமிலிருந்து 240 வரை கொடுத்துப் பார்த்தார்கள். மேல்படியிலும் அளவை மேலும் ஏற்றவிடாமல் தடுக்கும் பக்கவிளைவு வரவில்லை. ஆனாலும் தேர்ந்தெடுக்கப்பட்டது 80 மில்லிகிராம். இன்னொரு நுரையீரல் புற்றுநோய் மருந்தான சோடோராசிப் 2021இல் 960 மில்லிகிராம் அளவுக்கு அனுமதி பெற்றபோது, அதை 240 மில்லிகிராமுடன் ஒப்பிட்டுக் காட்டும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கேட்டது. இன்றைய ஆய்வுகள் பலவற்றில் இரண்டு அளவுகளுக்கு இடையே குலுக்கல் முறையில் பிரிப்பதற்கு இதுவே காரணம். குறைந்த அளவு கிடைத்தவர் ஏமாற்றப்பட்டவர் அல்லர்.

எதிர்பார்ப்பை எங்கே வைப்பது? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் நடந்த முதல் கட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியவர்கள் 2000-2005இல் 9.6 சதவீதம், 2013-2019இல் 18 சதவீதம். சிகிச்சையின் விளைவாக இறந்தவர்கள் மொத்தத்தில் 0.7 சதவீதம். இவை எல்லா வகை மருந்துகளையும் சேர்த்த சராசரி. மரபணு சரியாகப் பொருந்தும்போது கணக்கே வேறு: டிஆர்கே இணைவு (ஒரு மரபணு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும் மாற்றம்) உள்ள 55 பேருக்கு லாரோட்ரெக்டினிப் கொடுத்தபோது முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. அதனால்தான் அடுத்த படி மரபணு அறிக்கை.

2. மரபணு அறிக்கையை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்

"எங்களுக்கு இஜிஎஃப்ஆர் இருக்கிறது" என்று தொலைபேசியில் சொல்வார்கள். அது போதாது. இஜிஎஃப்ஆர் மரபணுவில் 19ஆவது எக்ஸானில் (எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு பகுதி) நீக்கம் ஒன்று. 20ஆவது எக்ஸானில் செருகல் முற்றிலும் வேறொன்று. முன்னதற்கு நன்றாக வேலை செய்யும் மருந்துகள் பல பின்னதைத் தொடுவதில்லை. கேராஸ் மரபணுவிலும் அப்படித்தான். ஜி12சி மாற்றத்துக்கான மருந்து, ஜி12டி மாற்றத்தில் பற்றிக்கொள்ள இடமின்றி நிற்கும். ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆய்வுக்கு நீங்கள் பொருத்தமா இல்லையா என்பதை அந்த எழுத்து தீர்மானிக்கும்.

அறிக்கையில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: மாற்றத்தின் முழுப் பெயர், மாதிரி எடுத்த தேதி, எந்த வகைச் சோதனை. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டிஎன்ஏவை மட்டும் படிக்கும் சோதனை சில இணைவுகளையும், மெட் மரபணுவில் 14ஆவது எக்ஸான் விடுபடுவதையும் தவறவிடக்கூடும். டிஎன்ஏவிலிருந்து செல் எடுக்கும் நகலான ஆர்என்ஏவைப் படிக்கும் சோதனை அவற்றில் பலவற்றைப் பிடிக்கும். டிஎன்ஏ சோதனையில் எதுவும் கிடைக்காத, புகைபிடிக்காத நுரையீரல் நோயாளி என்றால் ஆர்என்ஏ சோதனை செய்யப்பட்டதா என்று கேட்பது வீண்போகாது.

ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைப் படிக்கும் சோதனையும் உண்டு. அதில் மாற்றம் தெரிந்தால் பெரும்பாலும் நம்பலாம். தெரியாவிட்டால், மாற்றமே இல்லை என்று அர்த்தமல்ல. கட்டி ரத்தத்துக்குள் போதுமான டிஎன்ஏவை விடாமல் இருந்திருக்கலாம்.

தேதி ஏன் முக்கியம்? இலக்கு மருந்து எடுத்துக்கொண்ட கட்டி மாறிக்கொண்டே இருக்கும். நோயைக் கண்டுபிடித்த நாளில் எடுத்த அறிக்கையில், மருந்தை எதிர்க்கப் பின்னர் உருவான மாற்றம் இருக்காது. முந்தைய மருந்து தோற்ற பிறகு சோதித்த அறிக்கையைத்தான் பல ஆய்வுகள் கேட்கின்றன.

3. திசுக் கட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பயாப்ஸியில் எடுத்த திசுவைப் ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, சிறு கட்டையாக நோயியல் ஆய்வகம் சேமித்து வைத்திருக்கும். ஆய்வுக்கு அந்தக் கட்டையோ அதிலிருந்து வெட்டிய கண்ணாடித் தகடுகளோ தேவைப்படும். அறிக்கைத் தாள் கையில் இருக்கிறது, கட்டை எங்கே என்று தெரியவில்லை என்று வந்து நிற்பவர்கள் ஏராளம். பயாப்ஸி எடுத்தது ஒரு மருத்துவமனை, மரபணுச் சோதனை செய்தது வேறொரு ஆய்வகம் என்றால், கட்டை இரண்டில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இதைத் தேட ஆகும் காலத்தை யாரும் முன்கூட்டிக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே ஆய்வைத் தேடும் முன்பே இதைத் தொடங்குங்கள்.

தகடுகளை அவசரப்பட்டு முன்கூட்டி வெட்டி வாங்காதீர்கள். வெட்டிய தகடு காற்றில் நாளாக நாளாக, அதிலுள்ள சில புரதங்களின் அடையாளம் மங்கும். எத்தனை தகடு, எந்தத் தடிமன், வெட்டி எத்தனை நாட்களுக்குள் வர வேண்டும் என்பதெல்லாம் ஆய்வுக்கு ஆய்வு மாறும். கட்டை இருக்கிறதா, அதில் திசு மிச்சம் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்யுங்கள்.

எலும்பில் எடுத்த பயாப்ஸி பற்றி ஒரு எச்சரிக்கை. எலும்பை வெட்டுவதற்கு ஏற்ப மென்மையாக்க அமிலத்தில் ஊற வைப்பார்கள். கடுமையான அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். நுண்ணோக்கியில் புற்றுச் செல் தெளிவாகத் தெரியும். மரபணுச் சோதனை மட்டும் தோற்றுப்போகும். வேறு இடத்துத் திசு இருந்தால் அதைத் தேடுங்கள். நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை எடுத்திருந்தால், அதிலுள்ள செல்களைத் திரட்டிச் செய்த கட்டையைப் பல ஆய்வுகள் ஏற்கும். அதைக் கேட்கவே பலருக்குத் தோன்றுவதில்லை.

பழைய திசு இல்லையென்றால் புதிய பயாப்ஸி. நுரையீரலில் ஊசி போட்டு எடுப்பதில் காற்றுக் கசிவு, ரத்தப்போக்கு என ஆபத்துகள் உண்டு. இந்த பயாப்ஸி கட்டாயமா, விருப்பத்துக்கு உட்பட்டதா என்று ஒப்புதல் படிவம் வரும்போது பார்க்க வேண்டும்.

4. சிகிச்சை வரலாற்றை ஒரே தாளில் எழுதுங்கள்

தடிமனான கோப்பைப் புரட்டி யாரும் உங்கள் கதையைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஒரு தாளில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு வரி: மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, கடைசியாக எடுத்த தேதி, நிறுத்திய காரணம். நோய் வளர்ந்ததால் நிறுத்தினார்களா, பக்கவிளைவு தாங்காமல் நிறுத்தினார்களா என்பதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இந்த ஒரு வேறுபாட்டை வைத்து ஆய்வின் கதவு திறக்கலாம், மூடலாம்.

கதிர்வீச்சு எடுத்திருந்தால் எந்த இடத்தில், எப்போது முடிந்தது என்று குறியுங்கள். மூளைக்குப் பரவியிருந்தால் அதற்கு என்ன செய்தார்கள் என்பதையும். முன்பு கதிர்வீச்சு பட்ட ஒரே கட்டியை, பிறகு அது வளராவிட்டால், பல ஆய்வுகளில் அளவெடுக்க ஏற்கமாட்டார்கள்.

ஸ்கேன்களை ஃபிலிமாக அன்றி சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமாக அளக்க முடியாது.

5. ஆய்வைத் தேடுங்கள், ஆனால் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள்

உலக அளவில் ஆய்வுகள் கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ் தளத்திலும், உலகச் சுகாதார அமைப்பின் தேடல் தளத்திலும், பல நாடுகளின் சொந்தப் பதிவேடுகளிலும் இருக்கின்றன. புற்றுநோயின் பெயரை மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும். மரபணு மாற்றத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். "நுரையீரல்" என்பதோடு நிறுத்தாமல் "திடக் கட்டிகள்" என்றும் தேடுங்கள். உங்கள் மாற்றத்துக்கான ஆய்வு எல்லாத் திடக் கட்டிகளுக்கும் திறந்திருக்கலாம்.

பதிவேட்டில் ஆள் சேர்ப்பு நடப்பதாகக் காட்டினாலும், உங்களுக்கான பிரிவு நிரம்பியிருக்கக்கூடும். அளவேற்றும் பகுதியில் ஒரு நேரத்தில் சிலருக்கே இடம். அவர்களைக் கவனித்து முடிக்கும் வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஆகவே ஆய்வு மையத்தை அழைத்து, "இந்தப் பிரிவில் இப்போது இடம் இருக்கிறதா, அடுத்த இடம் எப்போது திறக்கும்?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று மையங்களில் ஒரே சமயத்தில் விசாரிப்பதில் தவறில்லை. ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

6. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்

பக்கங்கள் அதிகம், ஒரே அமர்வில் படித்துக் கையெழுத்திட எழுதப்பட்டதல்ல அது. வீட்டில் படிக்க நேரம் கேளுங்கள். நேரம் தர மறுக்கும் மையம் என்றால், அதுவே உங்களுக்கான தகவல்.

படிக்கும்போது குறிப்பாகத் தேட வேண்டியவை சில. எந்தச் சோதனைகளின் செலவை ஆய்வு ஏற்கிறது, எவற்றை வழக்கமான சிகிச்சை என்று சொல்லி உங்கள் கணக்கில் விடுகிறது? ஆய்வு மருந்தால் உடல்நலம் கெட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? பயாப்ஸிகள் எத்தனை, அவற்றில் கட்டாயம் எது? எடுத்த ரத்தத்தையும் திசுவையும் எதிர்கால ஆய்வுகளுக்கு வைத்துக்கொள்வார்களா? கடைசிக் கேள்விக்குத் தனியாக ஆம், இல்லை என்று குறிக்கும் கட்டம் பெரும்பாலும் இருக்கும். "இல்லை" என்று குறித்தாலும் மருந்து கிடைக்கும்.

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலும் விலகலாம் என்று படிவத்தில் இருக்கும். அது வெறும் சம்பிரதாய வரி அல்ல. விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை உங்களுக்கு மறுக்க முடியாது.

ஆய்வுக்காக மட்டும் செய்யும் எந்தச் சோதனையும் நீங்கள் கையெழுத்திட்ட பிறகே தொடங்க வேண்டும். கையெழுத்தோடு தேதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள்; ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். புதிய பக்கவிளைவு தெரியவந்தால் படிவம் திருத்தப்படும், மறுபடி கையெழுத்துக் கேட்பார்கள். "அதே படிவம்தானே" என்று அதைப் படிக்காமல் போட்டுவிடாதீர்கள். என்ன மாறியது என்று கேட்டால் அந்தப் பத்தியைக் காட்டுவார்கள்.

7. பழைய மருந்தை எப்போது நிறுத்துவது என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள்

பழைய மருந்துக்கும் புதிய மருந்துக்கும் இடையே ஒரு இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் வந்த பக்கவிளைவு எதனுடையது என்று சொல்ல முடியாது. மாத்திரையாக எடுக்கும் இலக்கு மருந்துகளுக்கு இரண்டு வாரம் அல்லது மருந்தின் அரைவாழ்வுக் காலத்தைப் (ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) போல ஐந்து மடங்கு என்று பல ஆய்வுகள் வைத்திருக்கும். ஒசிமெர்டினிப் அரைவாழ்வு ஏறத்தாழ இரண்டு நாள். ஐந்து மடங்கு பத்து நாள். நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசிகளுக்கும் கீமோதெரபிக்கும் இடைவெளி பெரும்பாலும் இன்னும் நீளம்.

இங்கேதான் இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. முதலாவது, ஆய்வின் பெயரைக் கேட்டதுமே மருந்தை நிறுத்திவிடுவது. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுக்களில் மாற்றமுள்ள சிலருக்கு, மருந்து பாதி வேலை செய்துகொண்டிருந்தாலும், அதை நிறுத்தியதும் நோய் திடீரென்று பாயும். இடம் உறுதியாகாமல் வாரக்கணக்கில் மருந்தில்லாமல் இருந்தால், ஆய்வு தொடங்கும் நாளில் உடல் தகுதியே போயிருக்கும். இரண்டாவது, "சும்மா இருக்க வேண்டாமே" என்று இடையில் ஒரு தவணை கீமோதெரபி போட்டுக்கொள்வது. இடைவெளிக் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். ஒதுக்கிய இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இடம் உறுதியாகி, மருந்து தொடங்கும் தேதி தெரிந்து, உங்கள் மருத்துவரும் ஆய்வாளரும் ஒரே நாளைச் சொன்ன பிறகு நிறுத்துங்கள்.

8. தகுதிச் சோதனைகளை எளியதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்

தகுதிச் சோதனைகளுக்குப் பெரும்பாலும் 28 நாள் அவகாசம் இருக்கும். அதற்குள் ஸ்கேன், ரத்தம், இசிஜி, சில ஆய்வுகளில் இதய எக்கோ, கண் பரிசோதனை எல்லாம் முடிய வேண்டும். ரத்தமும் இசிஜியும் முதலில், பயாப்ஸி கடைசியில். இசிஜியில் தகுதி இழக்கப்போகிறவர் அதற்கு முன் நுரையீரலில் ஊசி குத்திக்கொள்வானேன்? மையங்கள் வசதிக்காக வேறு வரிசையில் வைத்தால், மாற்ற முடியுமா என்று கேட்கலாம்.

வழக்கமாகக் காணும் எல்லைகள்: நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 1,500க்கு மேல், தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்கு மேல், ஹீமோகுளோபின் 9 கிராமுக்கு மேல், கல்லீரல், சிறுநீரக அளவுகள் ஒரு வரம்புக்குள். அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் உடல் நிலையும் கணக்கில் வரும். இசிஜியில் க்யூடி இடைவெளி (ஒரு துடிப்பில் இதயத்தின் கீழறைகள் சுருங்கி மீள எடுக்கும் நேரம்) 470 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது பல ஆய்வுகளின் நிபந்தனை. பொட்டாசியமோ மெக்னீசியமோ குறைந்தால் அந்த இடைவெளி நீளும். வயிற்றுப்போக்கால் உப்புகள் குறைந்திருந்தால் முன்பே சொல்லுங்கள், சரிசெய்துவிட்டு எடுக்கலாம்.

ஸ்கேனில் குறைந்தது 10 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கட்டியாவது இருக்க வேண்டும் என்று பல ஆய்வுகள் கேட்கும். அதைவிடச் சிறியதை அளந்து பார்ப்பதில் பிழை அதிகம். நுரையீரலைச் சுற்றிய நீர், எலும்புக்குள் மட்டும் உள்ள நோய் ஆகியவை கடுமையாக இருந்தாலும் அளக்க முடியாதவை. இது பல குடும்பங்களுக்குப் புரியாத கொடுமை: நோய் நிறைய இருக்கிறது, ஆனாலும் "அளக்கத்தக்க நோய் இல்லை" என்று தாள் வரும்.

ஓர் அளவு சிறிது விலகியிருந்தால் மறுசோதனைக்கு இடமுண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் உண்டு. ஆனால் மருத்துவரிடம் ஓர் அறிகுறியை மறைத்துத் தகுதி பெறப் பார்க்காதீர்கள். இந்த எல்லைகள் முதலில் காப்பாற்றுவது உங்களைத்தான்.

9. வாயில் போடும் அனைத்தையும் மேசையில் வையுங்கள்

மருந்துப் பட்டியல் கேட்டால் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளை மட்டும் சொல்வது மனித இயல்பு. மூலிகைப் பொடி, லேகியம், விட்டமின், தூக்கத்துக்கான சொட்டு மருந்து எதுவும் "மருந்து" என்ற கணக்கில் வருவதில்லை. ஒரு முறை, எதுவும் இல்லை என்று அப்பா சொல்லி முடித்ததும், மகள் கைப்பையிலிருந்து பெயர்ச்சீட்டு இல்லாத மூன்று டப்பாக்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுவோம் என்று பயந்திருக்கிறார், அவ்வளவுதான்.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. இலக்கு மருந்துகளில் பலவற்றை உடைப்பது சிஒய்பி3ஏ4 என்ற நொதி. இட்ராகொனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளும் கிரேப்ஃப்ரூட் பழமும் அந்த நொதியைத் தடுக்கும். ஆய்வு மருந்து ரத்தத்தில் ஏறும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் நொதியை முடுக்கிவிடும். மருந்து வேலை செய்யுமுன் கரைந்துபோகும். வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் சில மருந்துகளை உடலில் ஏறவிடுவதில்லை; சோடோராசிப் அப்படிப்பட்டது. அளவையே ஆராயும் ஓர் ஆய்வில், உங்களுக்குத் தெரியாமல் அளவு இரட்டிப்பானால் பக்கவிளைவு உங்களுக்கு. தவறான முடிவு உங்களுக்குப் பின்னால் வரும் எல்லோருக்கும்.

10. ரத்தம் எடுக்கும் நாளில் வீட்டில் மாத்திரை போடாதீர்கள்

இதை ஒப்புதல் நாளில் சொல்வோம், முந்தின நாள் தொலைபேசியில் சொல்வோம். ஆனாலும் யாராவது ஒருவர் காலையில் வழக்கம்போல் மாத்திரையை விழுங்கிவிட்டு வருவார். நல்ல பழக்கமே இங்கே எதிரியாகிவிடுகிறது.

மருந்து ரத்தத்தில் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க, மருந்துச் சுழற்சியின் (21 அல்லது 28 நாள் கொண்ட ஒரு தவணை) முதல் நாளும், பிறகு சில குறிப்பிட்ட நாட்களும் ஒதுக்கப்பட்டிருக்கும். மாத்திரை போடுமுன் ஒரு குழாய் ரத்தம். பிறகு அரை மணி, ஒரு மணி, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு மணி நேரத்தில். மறுநாள் காலை மீண்டும் என்பது போல அட்டவணை போகும். பிந்தைய நாட்களில் முதல் குழாய், முந்தின நாள் அளவில் உடலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. வீட்டிலேயே மாத்திரை போட்டுவிட்டால் அந்தத் தகவலை எப்படியும் திரும்பப் பெற முடியாது.

அன்று முழு நாளும் மையத்திலேயே போகும். கையில் ஊசிக் குழாயைப் பொருத்திவைத்துவிடுவதால் ஒவ்வொரு தடவையும் குத்தமாட்டார்கள். வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பின்னா என்பதை அட்டவணைப்படி கடைப்பிடியுங்கள். உணவு மருந்தின் உறிஞ்சலை மாற்றும். மாத்திரை எடுத்த நேரத்தை "காலையில்" என்று சொல்லாமல் நிமிடத்தோடு சொல்லுங்கள்.

11. முதல் சுழற்சியில் சிறியதையும் சொல்லுங்கள்

முதல் 21 அல்லது 28 நாட்கள்தான் மருந்தளவைத் தீர்மானிக்கும் காலம். அந்த நாட்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாத்திரையைத் தவறவிட்டால், உங்கள் தகவலை அளவு முடிவுக்குப் பயன்படுத்த முடியாமல், இன்னொருவரைச் சேர்க்க வேண்டியிருக்கும். நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். வருகைக்கு முந்தின இரவு மொத்தமாக உட்கார்ந்து நிரப்பிய நாட்குறிப்பு பார்த்தவுடனே தெரியும்: எல்லா நாளும் ஒரே பேனா, எல்லா நாளும் காலை எட்டு மணி.

வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு மாத்திரை போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் இரட்டை அளவாகிவிடும். குறித்து வைத்துவிட்டு அழையுங்கள். காலியான குப்பியையும் மிச்ச மாத்திரைகளையும் வருகையின்போது திருப்பிக் கொண்டுவாருங்கள், எண்ணுவார்கள்.

தோல் தடிப்பும் வயிற்றுப்போக்கும் பல இலக்கு மருந்துகளில் சகஜம். சகஜம் என்பதால் பொறுத்துக்கொள்வது தவறு. ஆரம்பத்தில் சொன்னால் மருந்தை நிறுத்தாமலே சமாளிக்க முடியும். "சொன்னால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள்" என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள்தான் கடைசியில் மருந்தை முழுவதும் நிறுத்தும் நிலைக்கு வருகிறார்கள். பெரும்பாலான ஆய்வுகளில் சில நாள் இடைவெளி விடவும் அளவைக் குறைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள்.

புதிய வறட்டு இருமல், மூச்சுவாங்குதல், காய்ச்சல் ஆகியவற்றைக் காலை வரை ஒத்திவைக்காதீர்கள். நுரையீரல் திசுவில் மருந்தால் வரும் அழற்சி, நோயின் இருமலைப் போலவே தொடங்கும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. அவசரத்துக்கு வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், ஆய்வு மருந்தின் பெயரும் இருபத்துநான்கு மணி நேரத் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட அட்டையை அங்கே காட்டுங்கள். அந்த அட்டை பணப்பையில் இருக்கட்டும், வீட்டு அலமாரியில் வேண்டாம்.

12. முதல் ஸ்கேனைக் கணக்காகப் படியுங்கள்

பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஸ்கேன். ஆரம்ப ஸ்கேன் எடுத்த அதே முறையில் எடுப்பது நல்லது. முறை மாறினால் அளவும் மாறும்.

ரெசிஸ்ட் 1.1 என்ற விதிப்படி அதிகபட்சம் ஐந்து கட்டிகளை, ஓர் உறுப்பில் இரண்டுக்கு மேல் போகாமல், தேர்ந்தெடுத்து அவற்றின் விட்டங்களைக் கூட்டுவார்கள். ஆரம்பத்தில் கூட்டுத்தொகை 62 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஸ்கேனில் 43 ஆனால் குறைவு 30 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதற்குப் பகுதிப் பலன் என்று பெயர். 50 ஆகியிருந்தால் கட்டி சுருங்கியிருந்தும் "நிலையான நோய்" என்றே எழுதுவார்கள். அந்தச் சொல்லைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

குழப்பம் அடுத்த ஸ்கேனில் வரும். 43 என்பது 52 ஆகிறது. ஆரம்பத்து 62ஐவிடக் குறைவுதானே, ஏன் நோய் வளர்ந்துவிட்டது என்கிறார்கள்? வளர்ச்சியை ஆரம்ப அளவிலிருந்து கணக்கிடுவதில்லை. இதுவரை எட்டிய மிகக் குறைந்த அளவிலிருந்து கணக்கிடுவார்கள். 43இலிருந்து 52 என்பது 20 சதவீதத்துக்கு மேல், ஐந்து மில்லிமீட்டருக்கும் மேல். புதிய கட்டி ஒன்று தோன்றினால் பழையவை சுருங்கியிருந்தாலும் வளர்ச்சிதான். ஆயினும் ஒரே இடத்தில் மட்டும் வளர்ந்து, மற்ற இடங்கள் கட்டுக்குள் இருந்தால், அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்து மருந்தைத் தொடரச் சில ஆய்வுகளில் அனுமதி உண்டு. கேளுங்கள்.

13. ஆய்விலிருந்து வெளியே வரும்போது

கடைசி மாத்திரைக்குப் பிறகு ஏறத்தாழ 30 நாளில் ஒரு பாதுகாப்புப் பரிசோதனை இருக்கும். அதற்குள் வேறு சிகிச்சை தொடங்கினால் தேதியோடு சொல்லுங்கள். கருத்தடை கட்டாயம் என்ற விதி மருந்து நின்ற அன்றே முடிவதில்லை. ஆண்களுக்கும் அது பொருந்தும், எத்தனை மாதம் என்று படிவத்தில் இருக்கும்.

நோய் வளர்ந்ததால் வெளியே வந்தால், அந்த நேரத்தில் ரத்தமோ திசுவோ கொடுத்து மரபணுவை மறுபடி படிக்கக் கேளுங்கள். மருந்தை எது முறியடித்தது என்பது அடுத்த ஆய்வைத் தேர்ந்தெடுக்க உதவும். ஆய்வுக்கான சோதனைகளின் முடிவுகள் எல்லாம் நோயாளிக்குத் தரப்படுவதில்லை. எவை கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை ஆய்வு மையத்திலிருந்து தொலைபேசி வரும், உடல்நிலை எப்படி, வேறு என்ன சிகிச்சை என்று கேட்பார்கள். அந்த அழைப்பை வீட்டில் யார் எடுக்க வேண்டும் என்பதை நோயாளியே தீர்மானித்து, அந்த எண்ணை மையத்திடம் கொடுத்துவிடுவது நல்லது.